ஒரே கதவு எண்ணில் மூன்று பெண்கள்

கடிதத்தை மாமா இரண்டு முறை படித்தார். முதல் தடவை சத்தமாக, இரண்டாம் தடவை உதடு மட்டும் அசைய. பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை.

"அக்கா, நமக்கு மூணு வீடு இருக்காம்," என்றார்.

அம்மா வெட்டு மேசையில் குனிந்து தலையணை உறைத் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "சாவி எங்கேன்னு கேளு," என்றாள், நிமிராமல்.

"விளையாடாதக்கா. மூணு பொண்ணு வேற இருக்காம்."

அப்போதுதான் அம்மா நிமிர்ந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நானே ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

உதவித் திட்ட அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அது. உங்கள் கதவு எண்ணில் வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகளும், ஒரே தேதியில் பிறந்த மூன்று பெண்களும் இருப்பதாகப் பதிவாகியுள்ளது. தெளிவு கிடைக்கும்வரை மூன்று விண்ணப்பங்களும் நிறுத்திவைக்கப்படுகின்றன. வரும் புதன்கிழமை கள ஆய்வாளர் வருவார். அப்போது மூன்று பெண்களும் நேரில் இருக்க வேண்டும்.

எங்களிடம் இருப்பது ஒரு முன்னறை, அதற்குப் பின்னால் ஒரு சமையலறை, ஒரு பெண். அந்தப் பெண் நான்தான் என்று அதுவரை எனக்குச் சந்தேகம் இல்லாமல் இருந்தது.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு எங்களோடு இருக்கிறார். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிப்ட் இயக்குவது அவர் வேலை. உலகத்து விஷயம் எல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். லிப்டில் ஏறுகிறவர்கள் பேசிக்கொண்டே ஏறுவார்கள். பேச்சு முடிவதற்குள் அவர்கள் இறங்க வேண்டிய மாடி வந்துவிடும். மிச்சத்தை அவர்கள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே பேசி முடிப்பார்கள். மாமா கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்துவிடுவார். ஒரு பெரிய மனிதருக்கு இதயத்தில் அடைப்பு என்று ஒரு மாதம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அது அவர் வீட்டுக் கழிவுக்குழாய் அடைப்பு என்று பிறகு தெரிந்தது.

உதவித் திட்டங்களும் லிப்டில் வந்தவைதான். குடியிருப்போருக்குக் கூரை பழுதுபார்க்க ஒன்று, படிப்பை விட்டவர்கள் மறுபடி சேர ஒன்று, சிறு தொழில் செய்வோருக்கு இயந்திரம் வாங்க ஒன்று. மூன்றுக்கும் போடலாம், தனித்தனியாகப் போட வேண்டும், மூன்றிலும் ஒரே மாதிரி எழுதக் கூடாது என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னாராம். ஏன் என்று அந்த இன்னொருவர் கேட்டார். ஆறாவது மாடி வந்துவிட்டது.

"ஏன்னு தெரியாம எப்படிடா எழுதறது?" என்று அம்மா அப்போதே கேட்டாள்.

"ஏன்னு கேட்டா குடுப்பாங்களா? ஒரே மாதிரி எழுதக் கூடாதுன்னாங்க, எழுத வேண்டாம். அவ்வளவுதானே."

அதனால் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு படிவம் எடுத்துக்கொண்டோம். கூரைக்கு மாமா. இயந்திரத்துக்கு அம்மா. படிப்புக்கு நான். ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்கக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார், பரீட்சை மாதிரி.

அம்மா எழுதியது இது. சிறு தொழில் உதவிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேலை செய்ய வேண்டும். உரிமையாளர் அம்மா, தையல் பணியாளர் நான். அது பொய் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா முக்காலியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். ஒரு மாதம் மட்டும் மிஷினில் உட்கார் என்றாள் அம்மா. கட்டுப் பிரித்த பிறகும் கை பழையபடி திரும்பவில்லை. துணி வெட்டுவாள், கோடு போடுவாள், மிஷினில் பிடித்துத் தள்ள முடியாது. ஒரு மாதம் அப்படியே நீண்டுகொண்டு போனது. மருத்துவமனைக்கு உறைகளும் சீருடைகளும் தைத்துக் கொடுக்கிறோம். இருப்பது ஒரே மிஷின், அதுவும் கிழ மிஷின். மூன்று உறைக்கு ஒரு முறை நூலை அறுக்கும்.

மாமா எழுதியது இது. சார்ந்திருப்போர் அதிகம் இருந்தால் கூரை சீக்கிரம் கிடைக்கும் என்று இரண்டாவது மாடியில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் என் பெயருக்கு எதிரே 'வேலை இல்லை, படிப்பு இல்லை, வீட்டில் இருக்கிறாள்' என்று எழுதினார்.

நான் எழுதியது 'மாணவி, மீண்டும் சேரவுள்ளவர்'. அதை எழுதும்போது இடது கையால் மறைத்துக்கொண்டேன். படிப்புக்கான படிவத்தைச் சும்மா போட்டு வைப்போம் என்றுதான் வீட்டில் பேச்சு. இவளுக்குப் படிக்க ஆசை இருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டாளா என்று மாமா சொல்வார். எனக்கு வாயைத் திறக்க வராது. சொல்ல வேண்டியது தொண்டைவரை வரிசையாக வந்து நிற்கும், அதற்குள் வேறு யாராவது பேசி முடித்திருப்பார்கள். மாமா என்னைக் கூப்பிடுவதே 'ஊமைக்கோட்டான்' என்றுதான்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளியில் சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. உதவித் திட்டத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல், வயது கடந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். புதன்கிழமை ஆய்வாளர் வருகிறார். நடுவில் இருப்பது ஒரே ஒரு வியாழன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நாள்காட்டியில் அந்த வெள்ளியைப் பார்க்காமல் சமையலறைக்குள் போகவும் என்னால் முடியவில்லை.

"பொண்ணு விஷயம் புரியுது," என்றாள் அம்மா, கடிதத்தைத் தானே ஒரு முறை படித்துவிட்டு. "மூணு பேரும் மூணு மாதிரி எழுதித் தொலைச்சோம். இந்த மூணு அறை எங்கேருந்து வந்தது?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. மூன்று படிவத்திலும் முன்னறையின் நீளம் கேட்டிருந்தார்கள். நீளம் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயமா?

"நீ எவ்வளவு எழுதின?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

"பதினாலடி. காலாலயே அளந்தேன். குதிகால், பெருவிரல், குதிகால், பெருவிரல். தப்பே வராது."

"என் கால் எட்டாம் நம்பர், உன் கால் எத்தனாம் நம்பர்னு அரசாங்கத்துக்குத் தெரியுமாடா? நான் பன்னிரண்டுன்னு எழுதினேன். நீ?"

என்னைத்தான் கேட்டாள். "பதினோரடி எட்டு அங்குலம்," என்றேன்.

"எதை வெச்சு அளந்த?"

மேசை மேல் கிடந்த அம்மாவின் துணி டேப்பைக் காட்டினேன். அம்மா பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தலையில் அடித்துக்கொள்ளலாமா சிரிக்கலாமா என்று அவளுக்கே தெரியாத மாதிரி இருந்தது.

"அது கஜத்துக்கு ஒரு அங்குலம் முழுங்கும்டீ. எத்தனை வருஷத்து டேப்பு, இழுத்து இழுத்து நீண்டு போச்சு. அது காட்டறதோட நான் கூட்டிக்குவேன். இத்தனை நாளா கூடவே உக்காந்திருக்க, தெரியாதா உனக்கு?"

தெரியாது. அளவு எடுப்பதும் வெட்டுவதும் அம்மா. எண்ணை மனசில் கூட்டி, துணியில் சரியாகக் கோடு போட்டு என்னிடம் தருவாள். கோட்டின் மேல் ஓட்டுவது மட்டும்தான் என் வேலை. இரண்டு வருடமாக ஒரு பொய் சொல்கிற டேப்போடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன்.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை," என்றார் மாமா. "சரி, நடந்தது நடந்துபோச்சு. புதன்கிழமைக்கு மூணு பொண்ணு வேணும். எதிர் வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்கில்ல, ஒரு மணி நேரம் இங்க உக்காரச் சொன்னா..."

"ஒண்ணுக்குப் பத்து வயசு, இன்னொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"ஒரே நாள்ல பொறந்தா ஒரே மாதிரி இருக்கணும்னு சட்டமா?"

"நீ லிப்டையே மேலயும் கீழயும் விட்டுக்கிட்டிரு," என்றாள் அம்மா. "வாயை மட்டும் கீழ்த்தளத்துலயே வெச்சுட்டு வா."

செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்கு ஒரு குழப்பமாகவே இருந்தது. உறை தைக்கும்போது, இப்போது தைப்பது தையல் பணியாளர் என்று தோன்றும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், இது வேலை இல்லாதவள் என்று தோன்றும். அவள் நாளெல்லாம் என்னதான் செய்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாளோ? மூன்று பேரில் அவளைத்தான் எனக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. மூன்றாமவளைப் பற்றி நினைக்கப் பயமாக இருந்தது. நினைத்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு ஆய்வாளர் வந்தார். மாமா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, சட்டையை இஸ்திரி செய்து, வாசலில் நின்று லிப்டுக் கதவு திறப்பது போலவே கதவைத் திறந்தார். நாங்கள் எதிர்பார்த்தது ஒரு ஆண். வந்தது ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி. முழங்கால் வலி போல, வாசல் படியில் ஒரு காலை வைத்து இன்னொரு காலை இழுத்துக்கொண்டார். தோளில் பெரிய பை, கையில் எஃகு டேப்பு.

"மூணு பேரையும் கூப்பிடுங்க," என்றார் உட்காருவதற்கு முன்பே.

கிழ மிஷின் மேல் கை வைத்து நான் நின்றேன்.

"இருக்கிறது ஒருத்திதான் மேடம்," என்றாள் அம்மா.

"மத்த ரெண்டு பேரும்?"

"அவங்களும் இவதான்."

ஆய்வாளர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "முதல்ல அறையைப் பார்ப்போம். அறை பேசாது, அதனால பொய்யும் சொல்லாது. நீ இந்த முனையைப் பிடிம்மா."

எஃகு டேப்பின் முனையைச் சுவரோடு பிடித்தேன். அவர் மறுமுனைக்குப் போனார். அது சத்தத்தோடு விரைப்பாக நீண்டது, எங்கும் தொய்யவில்லை. பன்னிரண்டு அடி. அம்மா எழுதியதுதான் சரி.

"இந்தப் பதினொண்ணே சொச்சம் யார் எழுதினது?"

"நான்," என்றேன். அம்மாவின் டேப்பை எடுத்துக் காட்டினேன். ஆய்வாளர் அதை எஃகு டேப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது.

"பதினாலு?"

மாமா தன் காலைப் பார்த்தார். ஆய்வாளரும் அதே காலைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

"சரி, அறை ஒண்ணு. இப்ப ஆளு. ஏன் ஒரே பொண்ணை மூணு விதமா எழுதினீங்க?"

மாமா நடந்ததைச் சொன்னார். ஆறாவது மாடிவரை சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"ஒரே மாதிரி எழுதக் கூடாதுன்னு சொன்னது காரணத்தை," என்றார் ஆய்வாளர். "உதவி ஏன் வேணும்னு ஒரு கட்டம் இருக்கில்ல, அதுல மூணுலயும் ஒரே வரியைப் போடக் கூடாது. ஆளை மாத்தச் சொல்லலை."

"ஏழாவது மாடிக்குப் போயிருந்தா அதையும் கேட்டிருப்பேன்," என்றார் மாமா, மிகவும் வருத்தமாக.

ஆய்வாளர் மூன்று படிவங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். தலையணை உறைகளை ஒதுக்கி அம்மா இடம் செய்து கொடுத்தாள். "மூணு கவுண்டர்ல குடுத்திருக்கீங்க. ஒவ்வொரு கவுண்டரும் அவங்க பொண்ணைத் தனியாப் பதிஞ்சு நம்பர் குடுத்துட்டாங்க. இப்ப மூணுல ஒருத்திதான் இருக்க முடியும். எந்தப் பொண்ணு?"

"அது வந்து மேடம்," என்று மாமா ஆரம்பித்தார், "கூரை ஒழுகுது, அதனால முதல்ல..."

"மிஷின் இல்லைன்னா ஆர்டர் போயிடும்னு..." என்றாள் அம்மா அதே நேரத்தில்.

"உங்க ரெண்டு பேரையும் கேக்கலை. கதவு எண்ல மூணு பொண்ணு இருக்குன்னு எழுதியிருக்கு. இதுக்கு ஒண்ணு கூட இன்னும் வாயைத் திறக்கலை."

மூன்று படிவங்களும் என் பக்கம் பார்த்திருந்தன. மூன்றிலும் என் பிறந்த தேதி. தொண்டையில் வழக்கம்போல் வரிசை வந்து நின்றது. யாராவது பேசி முடித்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் பேசவில்லை. மாமா கூட. சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"படிக்கிற பொண்ணு," என்றேன்.

"என்னம்மா? சத்தமா."

"படிக்கப் போற பொண்ணு மேடம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

சொல்லிவிட்டு நான் அம்மாவைப் பார்க்கவில்லை. மிஷினின் சக்கரத்தைப் பார்த்தேன். இந்த வார்த்தையால் எது போகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் வேண்டிய இடத்தில் ஒருவர்தான் என்றால் அம்மாவுக்கு மிஷின் கிடையாது.

"அப்ப தையல் பணியாளர்னு நீங்க எழுதினது?" என்று ஆய்வாளர் அம்மாவைக் கேட்டார்.

அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள்.

"காலையில எட்டே முக்காலுக்கு அந்தப் பள்ளிக்கூடத்து மணி இங்க கேக்கும் மேடம்," என்றாள். "மணி அடிச்சா மிஷின் நிக்கும். மணி ஓஞ்ச பிறகுதான் மறுபடி ஓடும். ரெண்டு வருஷமா தினமும் நிக்குது. நூல் அறுந்துதான் நிக்குதுன்னு நானும் இருந்துட்டேன். இவ சொன்னதையே எழுதிக்கோங்க."

எனக்கு அது தெரியாது. மிதியிலிருந்து என் கால் எழும்புவது எனக்கே பாதி நாள் தெரியாது. அது அவளுக்குக் கேட்டிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"அப்ப தொழில்ல நீங்க ஒருத்தர்தான். காத்திருப்புப் பட்டியல்லதான் போடுவேன்."

"நான் இருக்கேனே மேடம்," என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி.

"தைப்பீங்களா?"

"ஊசியில நூல் கோக்கச் சொன்னா விரலைக் கோத்துக்குவான்," என்றாள் அம்மா. "பட்டியல்லயே போடுங்க."

ஆய்வாளர் தொழிலையும் கூரையையும் அந்தப் பட்டியலிலேயே எழுதினார். மாணவி என்ற படிவத்தில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் பையிலிருந்து இன்னும் இரண்டு தாள்களை எடுத்தார்.

"இந்த ரெண்டு பொண்ணுங்களையும் நீக்கினாத்தான் அந்தச் சீட்டு செல்லும். கம்ப்யூட்டர்ல ஒருத்தரை நீக்கறதுக்கு ரெண்டே காரணம்தான் இருக்கு. இறந்துட்டாங்க, இல்லைன்னா இடம் மாறிப் போயிட்டாங்க."

"தப்பா எழுதிட்டோம்னு ஒண்ணு இல்லையா?" என்றாள் அம்மா.

"அது இருந்தா நான் ஏன் இந்தக் காலோட தெருத்தெருவா அலையப் போறேன்?"

அம்மா என்னை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள், தோளில். "இறந்தாங்கன்னு எழுத வேண்டாம்," என்றாள். "வயசுப் பொண்ணுங்க. இடம் மாறினதாவே இருக்கட்டும்."

"எங்கே போனாங்கன்னு கேக்கும்."

மாமா யோசித்தார். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாடிகள்தான். ஆய்வாளர் அவர் யோசித்து முடிப்பதற்குக் காத்திருக்கவில்லை. 'வெளியூர்' என்று இரண்டிலும் எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "அந்த டேப்பைத் தூக்கிப் போடச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை இல்லாதவள் போனதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளை எனக்குப் பழக்கமே இல்லை. தையல் பணியாளர் போனதுதான் ஒரு மாதிரி இருந்தது. அன்றைக்கு மாலை மிஷினில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நாற்காலிக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றேன். மருத்துவமனை உறைகளில் பாதி இன்னும் ஓரம் அடிக்காமல் கிடந்தன.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அந்தத் தையல்காரப் பொண்ணு எப்ப ஊருக்குக் கிளம்பறா?" என்று கேட்டாள்.

ஓரம் அடிக்காத உறைகளைப் பார்த்தேன். "நாளைக்குச் சாயங்காலம்," என்றேன்.

"அப்ப கிளம்பறதுக்குள்ள இந்த உறைகளுக்கு ஓரம் அடிச்சுக் குடுத்துட்டுப் போகச் சொல்லு. அங்க போய் யார் வீட்டுல உக்காந்து என்ன தைக்கப் போறாளோ."

"அவ போனதுக்கப்புறம் யாரும்மா தைப்பா?"

"சாயங்காலத்துல யாராவது வருவாங்க. பள்ளிக்கூடம் விட்டு." சாக்கட்டியை ஊதித் துடைத்தாள். "காலையில நான் மெதுவா ஓட்டிப் பார்க்கறேன். கை ஒத்துக்கிட்ட வரைக்கும். ஆர்டர் குறையும், குறைஞ்சா குறையட்டும்."

வியாழன் முழுக்கத் தைத்தேன். எட்டே முக்காலுக்கு மணி அடித்தது. மிஷின் நின்றது. அது நின்றது எனக்கு இந்தத் தடவை கேட்டது. அம்மாவும் கோடு போடுவதை நிறுத்தினாள். மணி ஓய்ந்த பிறகு மிதித்தேன். நூல் நடுவில் பதினேழு தடவை அறுந்தது. நாலரை மணிக்குக் கடைசி உறையை மடித்து வைத்தேன்.

"எழுந்து நில்லு," என்றாள் அம்மா. கையில் சாம்பல் நிறத் துணி வைத்திருந்தாள், பள்ளிச் சீருடைத் துணி. அதை எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. கடிதம் வந்த பிறகா, அதற்கு முன்பா என்று கேட்க நினைத்தேன்.

பழைய டேப்பை எடுத்து என் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பிடித்தாள். "முப்பத்தஞ்சு," என்றாள். "எழுது."

அளவுத் தாளில் முப்பத்தைந்து என்று எழுதினேன். அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கூட்டினியா?"

கூட்டவில்லை. ஐந்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ஆறு என்று போட்டேன்.